வேரியேட்டர்: வேகமாற்றியா, விகிதமாற்றியா?

வடவள்ளியில் ஒரு ஒர்க்‌ஷாப். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றின் இடப்பக்க மூடியைக் கழற்றிய மெக்கானிக் தம்பி, உள்ளேயிருந்து ஆறு சின்ன ரோலர்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டியவை, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சப்பை. “இப்படித் தேஞ்சு போனா வெரைட்டரு எப்படிங்ணா வேலை செய்யும்? மருதமலை ஏத்தத்துல திணறத்தான் செய்யுமுங்.”

கியர் இல்லாத வண்டியில் கியரின் வேலையைத் தானாகவே செய்யும் வேரியேட்டரைத்தான் வெரைட்டர் என்றார். அவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை. லத்தீனில் ‘வாரியுஸ்’ என்றால் பல நிறமான, பலதரப்பட்ட என்று பொருள். அதிலிருந்து ‘மாறுபடச் செய்’ என்ற வினை பிறந்தது; இத்தாலிக்காரர் அந்தக் கருவியை ‘வாரியாத்தோரே’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் வேரியேட்டர். நம் வெரைட்டி ரைஸும் இதே வேரில் வந்ததுதான்.

1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட முதல் வெஸ்பா ஸ்கூட்டரில் இதெல்லாம் கிடையாது. 98 சிசி எஞ்சின், மூன்று கியர். இடக்கையில் கிளட்ச்சைப் பிடித்தபடி கைப்பிடியையே திருக வேண்டும். பின்னாளில் வந்த வெஸ்பா ஜிடிஎஸ் 300-இல் 278 சிசி எஞ்சின். கியர் போடும் வேலையே இல்லை. மருதமலைக்கே இரண்டு வழி இருக்கிறதே, அப்படித்தான். கியர் என்பது படிக்கட்டு. வேரியேட்டர் வண்டி போகும் மலைப்பாதை, நடுவில் படியே கிடையாது.

இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பாருங்கள். விளிம்பில் ஒரு பள்ளம் வரும். வேரியேட்டரும் அப்படித்தான்; பெல்ட் அந்தப் பள்ளத்தில் ஓடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற, ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி ஒரு தட்டை மற்றதன் பக்கம் தள்ளும். பள்ளம் குறுக, பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் மறுமுனையில், பின்சக்கரப் பக்கம் இருக்கும் இதே மாதிரித் தட்டு ஜோடியில், ஸ்பிரிங்கை மீறித் தட்டுகள் விலக, அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். ரோலர் சப்பையானால் சீராக நகராது, பெல்ட்டும் சரியாக ஏறாது. இன்னொன்று: எடை குறைந்த ரோலர் போட்டால் ஏற்றத்தில் இழுவை நன்றாக இருக்கும், ஆனால் எஞ்சின் அதிகம் கத்தும்.

கோவைப் பக்கம் பழைய மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நூலாவதற்கு முன் பஞ்சு இழையை பாபினில் சுற்றும் சிம்ப்ளக்ஸ் மெஷினில் பாபின் பருக்கப் பருக்க, கூம்பு வடிவ கோன் டிரம் மேல் பெல்ட் நகர்ந்து பாபினின் சுற்றைக் குறைக்கும். அதே தந்திரம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வேகமாற்றி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வலக்கையில் இருக்கும் ஆக்சிலேட்டர். வண்டி வேகம் பிடிக்கும்போதுகூட எஞ்சின் சுற்று பெரிதாக ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் கெட்டிக்காரத்தனம். எஞ்சின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் உள்ள விகிதத்தைத்தான் இது மாற்றுகிறது. ‘மாறி’ என்று சுருக்கலாமென்றால் அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை; மின்மாற்றி போல ‘விகிதமாற்றி’ என்பதே சரி. விகிதம் வடசொல் என்பவர்கள் ‘தகவுமாற்றி’ என்று வைத்துக்கொள்ளலாம், தகவல் என்று யாரும் படிக்காமல் இருந்தால்.

ரோலருக்குப் புதுச்சொல் வேண்டாம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் கயிறு ஓடிய ‘உருளை’ இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தது.