ஸ்நார்கல் மாட்டிய பிறகு வண்டி ஏன் இழுப்பதில்லை?

ஆற்றில் இறங்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, கூரை உயரத்திலிருந்து காற்றை எடுத்துவரும் குழாய்தான் ஸ்நார்கல். அதை மாட்டிய கையோடு வண்டியில் இழுவை போய்விட்டது என்று சொல்பவர்கள் நிறைய. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டுக்கு இப்போது இரண்டாவது தேவைப்படுகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் பிக்கப் இல்லை. கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "குழாய் நீளமாயிடுச்சு, காத்து பத்தல." நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

2.8 லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்க இரண்டு சுற்று ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 70 லிட்டர். டர்போ காற்றை அமுக்கித் திணிப்பதால் அது 140 லிட்டர் வரை போகலாம். 20 லிட்டர் கேன்கள் ஏழு, ஒவ்வொரு விநாடியும் காலியாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குள் இத்தனையும் போக வேண்டுமென்றால், காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும்.

அந்த வேகத்தில் ஓடும் காற்றுக்குத் தடை இருக்கத்தான் செய்யும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனால் நீளத்தைவிட விட்டம்தான் பெரிய விஷயம். 75 மில்லிமீட்டர் குழாயை ஓரிடத்தில் 60 மில்லிமீட்டராகச் சுருக்கினால், அந்த இடத்தில் தடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதே போல, கூர்மையாக மடங்கும் ஒரே ஒரு 90 டிகிரி முனை மூன்று நான்கு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைக் கொடுத்துவிடும். வெளியே கம்பீரமாக நிற்கும் நீளக் குழாயை எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அது ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) நுழைந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் போய்ச் சேரும் அந்த ஓரடி தூரத்தை.

சரி, மொத்தத்தில் எவ்வளவு நட்டம்? நல்ல விட்டமும் மென்மையான வளைவுகளும் உள்ள ஸ்நார்கலில், மேலே சொன்ன காற்றோட்டத்துக்குத் தோராயமாக 1 கிலோபாஸ்கல் அழுத்தம் குறையும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதாவது நூற்றில் ஒரு பங்கு. இதைக் கால் உணராது. உணரும் அளவுக்கு இழுவை போயிருந்தால் எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அதைத் தேடியே ஆக வேண்டும்.

ஸ்நார்கலின் வாயை முன்பக்கம் திருப்பி வைத்தால் எதிர்க்காற்று தள்ளி சக்தி கூடும் என்ற நம்பிக்கையையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் 0.46 கிலோபாஸ்கல்தான், அரை சதவீதம்கூட இல்லை. சூடான பானெட்டுக்குள்ளிருந்து இழுக்காமல் கூரை உயரத்தில் குளிர்ந்த காற்றை எடுப்பதால் கிடைக்கும் லாபம் இதைவிட அதிகம். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடுகிறது.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இழுவை எப்போது குறைகிறது?

குறைந்த சுற்றில் நன்றாக ஓடி, 2500, 3000 சுற்றைத் தாண்டியதும் மூச்சு முட்டுகிறது என்றால் காற்றுப் பாதையில் அடைப்பு. இங்கே நீர்மூழ்கிக் கப்பல் நினைவுக்கு வருகிறது. ஸ்நார்கல் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தண்ணீருக்கடியிலும் டீசல் இன்ஜினை ஓட்ட இப்படியொரு குழாயை மேலே நீட்டின. அலை வந்து குழாயின் வாய் வால்வை மூடிவிட்டால் இன்ஜின் நிற்காது, கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து மாலுமிகளுக்குக் காது வலிக்கும். இன்ஜினின் உறிஞ்சல் அப்படிப்பட்டது. வண்டியில் அந்த உறிஞ்சலைத் தாங்க வேண்டியது, ஸ்நார்கலை ஃபில்டர் பெட்டியோடு இணைக்கும் ரப்பர் ஹோஸின் சுவர்.

உள்ளே கம்பிச் சுருள் இல்லாத மெல்லிய ஹோஸாக இருந்தால் அது தாங்காது. கடையில் கையில் எடுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்து இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். சூட்டில் இளகி, பழுத்த பழம்போல அமுங்கும். சும்மா நிற்கும்போது உருண்டையாக இருக்கும் அதே ஹோஸ், மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் நீள்வட்டமாகச் சப்பி, காற்றுப் பாதையைப் பாதியாக்கிவிடும். காலை எடுத்தால் பழையபடி உப்பிக்கொள்ளும். ஒர்க்ஷாப்பில் நிறுத்திவைத்துத் தேடினால் கோளாறு அகப்படாததற்கு இதுதான் காரணம். ஹோஸின் மேல் இருபுறமும் மடிப்புக்கோடு விழுந்திருந்தால் அதுவே போதுமான சாட்சி. இதோடு, பொருத்தும்போது தூசி போகாமலிருக்கக் குழாய்க்குள் திணித்து, எடுக்க மறந்த துணியையும் தேடுங்கள். அது நடக்கிற விஷயம்தான்.

எல்லாச் சுற்றிலும் சோம்பலாக ஓடினால் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் காற்றோட்ட சென்சார் இருக்கும். அதற்குள் சூடாக்கிய மெல்லிய கம்பியோ தகடோ உண்டு. ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும், சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் காற்றின் அளவு தெரியும். ஸ்நார்கலுக்காகப் பெட்டியைக் கழற்றி மாட்டும்போது இந்த சென்சாரின் பிளக் பாதி செருகியபடி நின்றுவிடலாம். எண்ணெய் தடவிய ஃபில்டரை அதே நாளில் மாட்டியிருந்தால் எண்ணெய்ப் படலம் கம்பியில் ஒட்டியிருக்கலாம். காற்று குறைவு என்று சென்சார் சொன்னால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அதை நம்பி டீசலையும் குறைத்துவிடும். புகையே இல்லாமல் இழுவை போவது இப்படித்தான்.

கருப்புப் புகையோடு போனால் கதை வேறு. அளந்த காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. டர்போவுக்குப் பிறகு ஹோஸை இறுக்கும் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் புஸ்ஸென்ற சத்தமும் கேட்கும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய டீசல்களில் வெறும் அடைப்பே கருப்புப் புகையைக் கிளப்பும், டீசலைக் குறைக்க அங்கே கணினி கிடையாது. கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால், பி0101 என்ற கோளாறுக் குறியீடு காற்றோட்ட சென்சாரையும், பி0299 டர்போ அழுத்தக் குறைவையும் காட்டும்.

அப்புறம், அதே வாரத்தில் வேறென்ன மாறியது என்றும் யோசியுங்கள். பெரிய டயர், கூரைக் கேரியர், கனமான பம்பர் எல்லாம் ஸ்நார்கலோடு சேர்ந்தே வருகின்றன. பெரிய டயர் மட்டுமே கியர் விகிதத்தை மாற்றி வண்டியை மந்தமாக்கிவிடும். புது ஸ்நார்கலோடு மலையேறிப் போனீர்களா? 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைவு.

ஊகத்தை நிறுத்திவிட்டு அளந்து பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூபை ஒரு பலகையில் யூ வடிவில் நெட்டாகக் கட்டி, பாதிக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இணைத்து, மறுமுனையைத் திறந்து விடுங்கள். மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் பக்கத்தில் இருப்பவர் இரு மட்டங்களின் வித்தியாசத்தைப் படிக்கட்டும். 10 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல். 60 சென்டிமீட்டரை நெருங்கினால் பல டீசல் இன்ஜின்களுக்கு அதுவே எல்லை. அடுத்து, ஸ்நார்கல் ஹோஸை ஃபில்டர் பெட்டி வாயிலேயே கழற்றிவிட்டு, தூசியில்லாத சாலையில் அதே மேட்டை ஏறுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்நார்கலின் பங்கு. 50 சென்டிமீட்டர் 15 ஆனால் அடைப்பு ஸ்நார்கலில். 50 என்பது 45 ஆக மட்டும் குறைந்தால் ஸ்நார்கலை விட்டுவிட்டு ஃபில்டரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகி இழுவை திரும்பிய பிறகு, தண்ணீரில் இறங்கும் முன் ஒரு சோதனை பாக்கி. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ரப்பர் ஒட்டிய பலகையால் ஸ்நார்கலின் வாயை மூடுங்கள். சில விநாடிகளில் திணறி நின்றுவிட்டால் பாதை முழுக்க இறுக்கமாக இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கோ இருந்து காற்றை எடுக்கிறது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடியவிடும் ஓட்டையில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்து வாருங்கள். காற்று நுழையும் அந்த இடத்தில்தான் ஆற்றில் தண்ணீரும் நுழையும்.