இரவு உறைந்தால்தான் பகலில் வடியும்

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில், மார்ச் மாதம் விவசாயிகளுக்கு இரட்டை வேலை. வயலில் இன்னும் பனி கிடப்பதால் ஏர் இறக்க முடியாது. ஆனால் மாட்டுக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து, விறகு பிளந்து முடித்த கையோடு மேப்பிள் தோப்புக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த மரத்தில் வடியும் சாற்றைக் காய்ச்சித்தான் இனிப்பான மேப்பிள் பாகு எடுக்கிறார்கள். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே ஊர்க்கூட்டம் நடக்கும். அதையொட்டி மரங்களில் துளையிடுவது பழைய வழக்கம். துளையிடும் நாளைத்தான் மனிதர் குறிக்க முடியும்; சாறு வடியும் நாளைக் குறிப்பது குளிர். இரவில் நீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வாளி காலியாகத்தான் தொங்கும்.

ஒரு மரம் எதற்காக இப்படி இரவையும் பகலையும் பார்த்து வடிகிறது? நமக்குத் தெரிந்த பதநீர் அப்படி இல்லையே. பனம்பாளையைச் சீவும்போது வெட்டுப்படுவது புளோயம், அதாவது மரம் தன் பூவுக்குச் சர்க்கரை அனுப்பும் வழி. அதனால் பதநீரில் சர்க்கரை ஏறத்தாழ 12 சதவீதம் இருக்கும். மேப்பிளில் துளை போவது சைலத்துக்குள். வேரிலிருந்து நீர் ஏறும் கட்டைப் பகுதி அது. அந்தச் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம்தான். குடித்துப் பார்த்தால் லேசாக இனிக்கும் தண்ணீர், அவ்வளவே. இதில் இன்னொரு புதிர்: கோடையில் சைலத்து நீரை மேலே இழுப்பவை இலைகள். மார்ச்சில் மேப்பிளில் ஓர் இலைகூட இருக்காது.

விடை கட்டையின் நுண்ணமைப்பில் இருக்கிறது. நீர் செல்லும் நாளங்களைச் சுற்றி நார்ச் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. பெரும்பாலான மரங்களில் இந்தச் செல்களில் நீர் இருக்கும். மேப்பிளில் காற்று இருக்கிறது. இரவில் குளிர் இறங்கும்போது செல்களின் உட்சுவரில் பனிக்கட்டி படிகிறது. அது நாளங்களிலிருந்து ஈரத்தை இழுத்து வளர வளர, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நசுங்குகிறது. நாளங்களில் குறைந்ததை ஈடுகட்ட மரம் வேர் வழியாக மண்ணின் நீரை உறிஞ்சுகிறது. காலையில் வெயில் பட்டுக் கட்டி உருகியதும் நசுங்கிய காற்று விரிந்து, நீரை நாளங்களுக்கே திருப்பித் தள்ளுகிறது. தண்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டலம் அளவுக்குக்கூட ஏறிவிடும். துளை இருந்தால் அதன் வழியே சாறு வெளியே வருகிறது.

காற்று மட்டுமே காரணம் என்று வைத்தால் கணக்கு முழுதாகத் தேறாது. அழுத்தத்தில் அந்தக் காற்று கரைந்து, விசை சீக்கிரமே தணிந்துவிட வேண்டும். ஆனால் சாறு பல மணி நேரம் வடிகிறது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வு, சாற்றில் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை இல்லாமல் இந்த ஓட்டம் நிகழாது என்று காட்டியது. நாளத்துக்கும் நார்ச் செல்லுக்கும் இடையிலான சுவர் நீரை விடும், சுக்ரோஸை விடாது. எனவே சவ்வூடு பரவலால் நாளத்துக்குள் நீர் இழுபட்டு அழுத்தம் நிலைக்கிறது. போன கோடையில் இலைகள் சேர்த்துவைத்த ஸ்டார்ச்சைக் குளிரில் மரம் சுக்ரோஸாக மாற்றிக்கொள்கிறது. நாக்குக்கு இனிப்பாவதும் சாற்றைத் தள்ளுவதும் அதே பொருள்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

துளை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலம், 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழம். மரம் அந்தக் காயத்தைச் சுற்றியுள்ள கட்டையை அடைத்து, மேலும் கீழும் நீளமாக ஒரு கீற்றைச் செயலற்றதாக்கிவிடும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் துளையிட்டால் ஒன்றும் வராது. தள்ளித்தான் போட வேண்டும். பெரிய தோப்புகளில் இப்போது வாளிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்கள் மரத்துக்கு மரம் ஓடுகின்றன.

வாளி வைத்திருப்பவர்களுக்குச் சாறு சேகரிப்பது அன்றாடக் கடமை. தள்ளிப்போட்டால் நுண்ணுயிர்கள் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். பதநீர்க் கலயத்தில் நாம் சுண்ணாம்பு தடவி நொதிப்பைத் தடுக்கிறோம். அங்கே குளிரும் சுறுசுறுப்பும்தான் காவல். காலையில் வாளியின் மேல் பனிக்கட்டி மிதந்தால் எடுத்து எறிந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் வெறும் நீர். எறிந்த அளவுக்கு விறகு மிச்சம்.

விறகு மிச்சம் என்பது அங்கே பெரிய விஷயம். 1 லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். கொட்டகைக் கூரையின் திறப்பு வழியே ஆவி போய்க்கொண்டே இருக்க, இரவு வெகுநேரம்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போட்டால் அடங்கிவிடும். நீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகு பதம். காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால், அன்றன்று வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்வார்கள். சர்க்கரை 66 சதவீதத்துக்குக் கணிசமாகக் குறைந்தால் பாகு கெடும். கூடினால் அடியில் கற்கண்டாகப் படியும். பருவத் தொடக்கத்துப் பாகு பொன்னிறம். நாட்கள் வெதுவெதுப்பாக ஆக, நுண்ணுயிர்கள் உடைத்த எளிய சர்க்கரைகள் கொதிக்கையில் சீக்கிரம் பழுப்பாவதால், பாகு கறுத்து, சுவையும் கனக்கும். கறுத்ததுதான் ருசி என்பவர்களும் உண்டு. கருப்பட்டி தின்று வளர்ந்த நாம் அந்தப் பக்கம்தான் நிற்போம்.

ஏப்ரலில் இரவுகள் உறைவது நின்றுபோகும், மொட்டுகள் பருக்கும். மொட்டுக்காக மரம் தன் வேதியியலை மாற்றியதும் பாகில் வேண்டாத வாடை ஏறிவிடும். அத்தோடு துளைக் குழாய்களைப் பிடுங்கி, வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். காய்ச்சிய தட்டுகளில் சுண்ணச்சத்து கெட்டியாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டிக் கையை நோகடிக்காமல், விற்க முடியாத கடைசிச் சாற்றைத் தட்டில் ஊற்றிப் புளிக்கவிடுவது சிலர் வழக்கம். புளிப்பு ஏறியதும் படிவு தானே இளகிக் கழன்று வரும்.