தோட்டாவை நூல் நிறுத்தும் விதம்

"குண்டு துளைக்காத கவச உடை யாரையும் காயப்படுத்தாதே, அதை அணிந்து கொள்ளையடித்தால் அமெரிக்காவில் தண்டனை ஏன் கூடுகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் கவசத்தை நெய்த நூலிழையிலிருந்து தொடங்குகிறது.

9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் எடை 8 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டால் 640 ஜூல். இதைத் தாங்குவது கெவ்லர் என்ற செயற்கை இழையில் நெய்து அடுக்கடுக்காக வைத்த துணி.

தோட்டா பட்டதும் நூல் விறைக்கிறது. அந்த இழுவிசை நூல் நெடுக அலையாக ஓடுகிறது. கெவ்லர் விறைப்பானது, எடை குறைந்தது. அதனால் தனி இழையில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர்! தோட்டா ஒரு மி.மீ. நகர்வதற்குள் அலை இருபுறமும் 17 மி.மீ. போய்விடும். ஊடும் பாவும் குறுக்கிடும் இடங்களில் பக்கத்து நூல்களும் இழுவைக்கு வந்து சேர்கின்றன. ஈய முனை காளானாக விரிய, இன்னும் பல நூல்கள் அதைப் பிடிக்கின்றன. நூலளவு இடத்தில் விழுந்த அடியை உள்ளங்கை அகலத் துணி பங்கிட்டுக்கொள்கிறது.

இந்தக் கெவ்லருக்கு வழிவகுத்தது, 1965இல் டூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் உருவாக்கிய கரைசல். அது கலங்கலாக, நீர்த்து இருந்தது. இயந்திரத் துளை அடைத்துவிடும் என்று அதை நூலாக்கத் தயங்கினார்கள். 'பயன் என்ன?' என்று முதல் நாளே கேட்கும் ஆராய்ச்சி நிதிக்குழுக்கள் இத்தகைய கரைசல்களைக் கொட்டவைத்துவிடும். தேடலுக்கென்றே பணம் ஒதுக்க வேண்டும்.

துளைக்காவிட்டாலும் அடி உண்டு. சோதனையில் கவசத்துக்குப் பின்னால் வைத்த களிமண் 44 மி.மீ.க்கு மேல் குழியக் கூடாது. நனைந்தால் நூல்கள் வழுக்கி விலகித் தோட்டாவுக்கு வழிவிடும். அதனால்தான் நீர்புகா உறை. ரைஃபிள் தோட்டாவின் 3,400 ஜூலுக்குத் துணி போதாது, பீங்கான் அல்லது எஃகுத் தகடு வேண்டும்.

1997 பிப்ரவரி 28, லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட். கவசம் அணிந்த வங்கிக் கொள்ளையர் இருவர்மீது போலீசாரின் கைத்துப்பாக்கிக் குண்டுகள் பலிக்கவில்லை. சண்டை 44 நிமிடம் நீண்டது. ஒருவனைக் காரின் அடியில் தெரிந்த கால்களில் சுட்டுத்தான் வீழ்த்தினார்கள்.

கவசம் அணிந்து வருபவன் போலீசின் கைத்துப்பாக்கியைச் செயலற்றதாக்கிவிட்டு வருகிறான், சண்டைக்குத் தயாராகவே வருகிறான். கூடுதல் தண்டனை நியாயம் என்பதே என் கருத்து. கலிஃபோர்னியாவில் வன்முறைக் குற்றத்தின்போது கவசம் அணிந்தால் 1, 2 அல்லது 5 ஆண்டு கூடும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டனை வழிகாட்டு விதி, குற்றத்தின் கடுமையைப் படிகளாக அளக்கிறது. வன்முறை அல்லது போதைக் கடத்தல் குற்றத்தில் குற்றவாளியே கவசத்தைப் பயன்படுத்தினால் 4 படிகள் ஏறும். எடுத்துக்காட்டாக, முன்குற்றமற்றவருக்கு 24ஆம் படியில் 51–63 மாதம், 28ஆம் படியில் 78–97 மாதம்.