பரண்மேல் இருக்கும் டின்னை முதலில் முகர்ந்து பாருங்கள்

பழைய பிலிம் சுருள்களை டிஜிட்டலாக மாற்றித் தருவது என் தொழில். போன வருஷம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் துருப்பிடித்த பிஸ்கட் டின்னோடு வேலூருக்கு வந்தார். "வீட்டை இடிக்கிறோம் சார், பரண்ல கிடைச்சுது. தாத்தா எடுத்த படம்." மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் நெடி. உள்ளே ஐந்து சூப்பர் 8 சுருள்கள், அதாவது வீட்டு கேமராவுக்கான 8 எம்எம் பிலிம். "பழைய புரொஜெக்டர் ஒண்ணுல ஓட்டிப் பார்த்தோம், நடுவுல அறுந்துடுச்சு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

இத்தகைய சுருள்கள் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வினிகர் நெடியுள்ள அசிட்டிக் அமிலம் வெளிவரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் அடுப்பு மாதிரிதான். கெட்ட பிலிம் சுருங்கும். ஓரத்து ஓட்டைகள் புரொஜெக்டரின் பல்லுக்குப் பொருந்தாமல் கிழியும். அதனால் ஆசைக்குக்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். நெடி அடிக்கும் சுருளைத் தனியே பிரித்து, காற்றோட்டமான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். (கொட்டகை அறையில் கிடைத்த, 1950களுக்கு முந்தைய 35 எம்எம் துண்டு என்றால் கதையே வேறு. அது நைட்ரேட் என்ற பழைய வகை பிலிமாக இருக்கலாம், சட்டென்று தீப்பிடிக்கும். வீட்டில் வைக்கவே கூடாது.)

சரி, ஸ்கேன் செய்ததில் என்ன கிடைத்தது? 50 அடிச் சுருள் சுமார் மூன்றேகால் நிமிஷம்தான் ஓடும், எனவே தாத்தா சிக்கனமாகவே எடுத்திருக்கிறார். கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், பாவு நீட்டிய நெசவாளர் தெரு, அப்புறம் சுமார் இருபது விநாடிக்கு ஊர் டூரிங் டாக்கீஸ். தகரக் கூரை, பெண்கள் தனி வரிசை, முறுக்குத் தட்டு, சுவரில் பாதி கிழிந்த போஸ்டர். குடும்பத்தார் அந்த இருபது விநாடியை வெட்டிவிடச் சொன்னார்கள், "நம்மாளுங்க யாரும் இல்லையே". நான் மறுத்துவிட்டேன். கல்யாணப் படம் எல்லா வீட்டிலும் இருக்கும், கொட்டகை வாசலை யார் எடுத்து வைத்தார்கள்?

போஸ்டரைப் பார்த்து வருஷத்தை முடிவு செய்துவிடாதீர்கள். டூரிங் கொட்டகைக்குப் படம் எத்தனையோ மாதம் கழித்து, சமயத்தில் வருஷங்கள் கழித்தும் வரும். சூப்பர் 8 வந்ததே 1965இல் என்பதால் அதற்கு முன்பு இல்லை, அவ்வளவுதான் உறுதி.

ஊரிலிருந்த பழைய ஆபரேட்டர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். ஊமைப் படம்தான், ஆனால் அவர் விடாமல் பேசினார். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்ற மாற்ற இடைவேளை, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்து பின்னால் இருப்பவரிடம் வசவு வாங்கியவர்கள். அவர் பேச்சையும் பதிவு செய்து படத்தோடு சேர்த்துவிட்டேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தால் ஸ்கேன் முடிந்த வாரமே காட்டிவிடுங்கள்.

பென்டிரைவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது குடியாத்தத்துக்காரர் கேட்டார், "அப்ப இதைத் தூக்கிப் போட்டுடலாமா சார்?"

டின்னை மட்டும் போடச் சொன்னேன்.