சவுனா வாங்க முதல் பின்வளவைப் பாருங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளிலும் இப்போது வெளிச் சவுனா, அதாவது சூட்டில் இருந்து வியர்க்கும் சிறு மர அறை, வரத் தொடங்கிவிட்டது. வளவு வேலை செய்பவன் என்ற வகையில் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பீப்பாய்ச் சவுனாவுக்கு முற்பணம் கட்டிய பிறகுதான் பலர் எடுத்து, "அண்ணை, இதை எங்க வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். காசு கட்ட முதல் கேட்கவேண்டிய கேள்வி அது.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பல வளவுகளில் புல்லுக்கும் கறுப்பு மண்ணுக்கும் கீழே களிமண். அதில் நிற்கும் தண்ணீர் குளிரில் உறைந்து நிலத்தை மேலே தள்ளும். தென் ஒன்ராறியோவில் உறைவு 4 அடி வரை இறங்கும் என்று வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறோம். புல்லின்மேல் நாலு கொங்கிரீட் பலகையைப் பரப்பி சவுனாவை ஏற்றினால், பங்குனியில் கதவைப் பாருங்கள். கீழ் மூலை நிலையில் உரசும். மேல் மூலையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கும். புல்லையும் கறுப்பு மண்ணையும் முழுதாக எடுத்து, வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, தூள் கலக்காத முக்கால் அங்குலச் சல்லியை 6 அங்குலமாவது போட்டு இடித்து மட்டம் பாருங்கள். சவுனாவைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூட இருக்கட்டும். பாரமான அறை வடிவச் சவுனா என்றால் உறைவுக்குக் கீழே இறங்கும் தூண்கள் தேவை.

இரண்டு வீட்டுக்கு நடுவில் புல் மூடிய மெல்லிய பள்ளம் ஓடும். அது மழைத்தண்ணீர் போக வைத்த வழி. அதை மேடாக்கினால் தண்ணீர் உங்கள் பேஸ்மென்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோதான் போகும்.

மண்வெட்டி எடுக்க முதல், நிலத்துக்குக் கீழே என்ன போகிறது என்று குறிப்பிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவியுங்கள். இலவசம், சட்டமும் அதுதான். நிலத்தடி இணைப்புகளைக் குறிக்க ஆட்கள் வந்து கொடி குத்தி நிறம் அடிப்பார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர். இதில் கனபேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பொதுவாக அவர்கள் குறிப்பது உங்கள் வீட்டு எரிவாயு, மின் மீற்றர் பெட்டி வரைக்கும்தான். மீற்றரிலிருந்து பார்பிகியூ அடுப்புக்கோ நீச்சல் குளத்துக்கோ பழைய வீட்டுக்காரர் இழுத்த எரிவாயுக் குழாய்க்குக் கொடி வராது. கராஜுக்குப் போன வயரும் அப்படியே. அவற்றைத் தேட தனியார் ஆளைப் பிடிக்கவேண்டும். தயவுசெய்து அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது கரண்ட். 8 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 33 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகள் பலவற்றில் வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரிக்கும் மின் பனலே 100 ஆம்பியர்தான். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு இரண்டாவது மின் அடுப்பும் வைத்து, மின்கார் சார்ஜரும் பூட்டியிருந்தால் அது தாங்காமல் போகலாம். உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரிடம் சுமைக் கணக்குப் போடுவியுங்கள். மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துப் பரிசோதனை செய்விக்கவும் வேண்டும். குழாய்க்குள் விடாமல் நேரே புதைக்கும் வயர் 2 அடி ஆழத்தில் போகவேண்டும் என்பதால், சல்லி போட முதலே கான் வெட்டி வயரை இறக்கிவிடுவது நல்லது.

"15 சதுர மீற்றருக்குக் குறைந்தால் பேர்மிட் வேண்டாமாம்" என்பது அடிக்கடி கேட்கும் கதை. அந்த விலக்கு சாமான் வைக்கும் கொட்டிலுக்கு. சவுனா சாமான் அறை அல்ல. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு வரைபடத்தோடு நகரசபைக் கட்டடப் பிரிவில் கேளுங்கள். விறகு அடுப்பு என்றால் காப்புறுதி நிறுவனத்திடமும் முதலே சொல்லிவிடுங்கள்.

யாரையாவது விலை கேட்க முதல் நில அளவைப் படத்தையும், கதவு திறந்த மின் பனலின் படத்தையும், பெரிய மழை பெய்த அடுத்த நாள் வளவை எடுத்த படத்தையும் கையில் வைத்திருங்கள். பக்கக் கேற்றின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். நிலம் உறைந்த பிறகு கான் வெட்டுவது கடினம், செலவும் கூட. அதனால் இதையெல்லாம் கோடையிலேயே தொடங்குங்கள்.