எட்டு ஓநாய்களும் ஒரு கல் காவலனும்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிப்படி, ஐந்தாம் நிலை ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவர் விலங்குகளை வரவழைக்கும் 'கன்ஜூர் அனிமல்ஸ்' என்ற மூன்றாம் நிலை மந்திரத்தைச் சொன்னால் எட்டு ஓநாய்கள் வந்து நிற்கலாம். ஒற்றை ஓநாய் ஒரு பொருட்டே இல்லை. உயிர்ப் புள்ளி 11, கடித்தால் சராசரியாக 7 சேதம், அவ்வளவுதான். ஆனால் எட்டும் ஒருவனைச் சூழ்ந்தால் கணக்கு வேறு.

எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவனை அடிக்க எட்ட வேண்டிய எண், 15 என்று வைப்போம். ஓநாய்க்குத் தாக்குதலில் பகடையோடு கூட்டிக்கொள்ள +4 உண்டு. இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். அதாவது பாதி வாய்ப்பு. கூட்டமாக வேட்டையாடும் குணத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் வாய்ப்பு 75 சதவீதம் ஆகிறது. எட்டு ஓநாய், தலா 7, அதில் முக்கால் பங்கு: சுற்றுக்கு 42 சேதம். அதே மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால் சராசரியாக 28 தான் தரும், அதுவும் ஒரே ஒரு தடவை. அது பலரை ஒன்றாகச் சுடும் என்பது உண்மைதான். ஆனால் ஓநாய்கள் அடுத்த சுற்றிலும் கடிக்கும், அதற்கடுத்த சுற்றிலும்.

வரவழைக்கும் மந்திரத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது சேதத்தை அல்ல, ஆடும் முறைகளை. நான்கு பேர் கொண்ட குழு சுற்றுக்கு நான்கு முறை ஆடும்; ஓநாய்கள் வந்ததும் பன்னிரண்டு. மேசையில் மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் கொட்டாவி விடுவது தனிக் கதை. 2024 திருத்தத்தில் இந்த மந்திரத்தையே மாற்றிவிட்டார்கள்: கூட்டம் முழுவதும் நகரும் ஒரே பரப்பு, தனித்தனி விலங்குகள் இல்லை.

சரி, சொந்தமாக ஒன்று எழுதுவோம். மூன்றாம் நிலை மந்திரம், ஒரே ஒரு கல் காவலன். ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014-இன் டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூலில், ஒருவனை மட்டும் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு ஐந்து பத்துமுகப் பகடை என்று அளவு சொல்லியிருக்கிறது, சராசரி 27.5. அதுதான் நம் பட்ஜெட். சண்டை நான்கு சுற்று ஓடும் என்று கொள்வோம். காவலன் சுற்றுக்கு ஒருமுறை குத்துகிறான், இரண்டு ஆறுமுகப் பகடையும் கூட 3-ம், சராசரி 10. தாக்குதலில் அழைத்தவர் கூட்டும் +7-ஐயே அவனும் பயன்படுத்தினால் அதே எதிரியை 65 சதவீதம் அடிப்பான். சுற்றுக்கு 6.5, நான்கு சுற்றில் 26. பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

ஆனால் காவலனுக்கு உடம்பும் இருக்கிறதே? அவன் வாங்கும் ஒவ்வொரு அடியும் நண்பர்கள் வாங்காத அடி. இந்த லாபத்துக்கு விலையாகத்தான் கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தின் மேல் கவனத்தை நிறுத்தி வைக்கும் விதி, இருக்கிறது: அது தேவைப்படும் வேறொரு மந்திரத்தை அதே நேரத்தில் நடத்த முடியாது, அழைத்தவர் அடிபட்டால் கவனம் சிதறி காவலன் மறையவும் கூடும். இதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உயிர்ப் புள்ளியை 30 அளவில் வைத்தால், சில நல்ல அடிகளில் விழுவான்.

மந்திரத்தை மூன்றுக்கு மேற்பட்ட நிலையில் சொன்னால் இன்னொரு காவலன் என்று எழுத கை துறுதுறுக்கும். வேண்டாம். கூடும் ஒவ்வொரு நிலைக்கும் குத்துக்கு +2 சேதம் போதும். நான்கு சுற்றில் 5.2 கூடும், வழிகாட்டி நூல் நான்காம் நிலைக்குக் கூட்டுவது 5.5.

அப்புறம், வருபவனின் திறன்களை நீங்களே எழுதிவிடுங்கள். அரக்கர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 2014-இல் அப்படி விட்டதால் நான்காம் நிலை மந்திரம் ஒன்றில் எட்டு பிக்ஸிகளை (குட்டித் தேவதைகளை) அழைக்க முடிந்தது. பிக்ஸி ஒவ்வொன்றும் நாளுக்கு ஒருமுறை உருவை மாற்றும் பாலிமார்ஃப் மந்திரத்தைச் சொல்லும், அதுவும் நான்காம் நிலைதான். ஒன்றைக் கொடுத்து எட்டு வாங்கும் வியாபாரம்!

கால அளவை நான் முதலில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தேன். என் மேசையில் காவலன் சண்டைக்கே வரவில்லை. பொறிகள் நிறைந்த நடைவழிகளில் அவனை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் எல்லோரும் நிம்மதியாக வந்தார்கள். இப்போது அது 1 நிமிடம், அதாவது பத்துச் சுற்று.