பாட்டு நின்னதும் மூச்சு வாங்குதே, ஏன்?

ரோட்டுல ஓடும்போது காதுல பாட்டு இருந்தா மூணாவது கிலோமீட்டர் எப்போ வந்துச்சுனே தெரியாது, ஆனா நடுவுல ஹெட்செட் சார்ஜ் போயிடுச்சுனா அடுத்த நிமிஷமே நம்ம மூச்சு நமக்கே நாய் இரைக்கிற மாதிரி கேக்கும், கால் கனக்கும், "இன்னைக்கு இது போதும்டா"னு மனசு சொல்ல ஆரம்பிச்சிடும். எனக்கு இது அடிக்கடி நடக்குது. அதே கால்தான், அதே ரோடுதான். அப்போ மாறினது என்ன?

ஓடும்போது தசை, நுரையீரல், இதயம் எல்லாத்துலேருந்தும் மூளைக்கு சேதி போயிட்டே இருக்கு, சூடு ஏறுது, மூச்சு பத்தல, தொடை வலிக்குதுனு. ஆனா நம்ம கவனம் இருக்கே, அது ஒரு சின்ன திண்ணை, எல்லாரும் ஒரே நேரத்துல உக்கார முடியாது. பாட்டு வந்து பாதி இடத்தை பிடிச்சிட்டா களைப்பு கொஞ்சம் ஓரமா நிக்க வேண்டியதுதான். இதை அளக்க ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் ஒரு அளவுகோல் உருவாக்கினாரு, 6லேருந்து 20 வரைக்கும், "எவ்ளோ கஷ்டமா இருக்கு"னு ஓடுறவரே நம்பர் சொல்லணும். (அது என்ன 6ல ஆரம்பிக்குதுனா, சொல்ற நம்பரை பத்தால பெருக்கினா இளவயசுக்காரங்களோட இதயத்துடிப்பு ஏறக்குறைய வந்துடும், 60லேருந்து 200.) மிதமான வேகத்துல பாட்டு கேட்டு ஓடுறவங்க சொல்ற நம்பர் சுமார் பத்து சதவீதம் குறையுது. உடம்பு அதே வேலையைத்தான் செய்யுது, கஷ்டம் மட்டும் கம்மியா தெரியுது.

ஆனா இந்த வித்தை ஒரு எல்லை வரைக்கும்தான். பேசவே முடியாத அளவுக்கு வேகம் போயிட்டா உடம்போட சேதி கத்த ஆரம்பிச்சிடும், எந்த பாட்டாலயும் அதை மறைக்க முடியாது.

அப்போ வேகமா ஓடுறவங்களுக்கு பாட்டால பிரயோஜனமே இல்லையா? 1998ல இங்கிலாந்துல பர்மிங்காம் இன்டோர் ஸ்டேடியத்துல எத்தியோப்பியாவோட ஹைலே கெப்ரசெலாசி 2000 மீட்டரை 4 நிமிஷம் 52.86 செகண்ட்ல ஓடி உலக சாதனை பண்ணாரு, அப்போ அவர் கேட்டுக்கிட்டபடி ஸ்பீக்கர்ல ஒரு வேகமான டான்ஸ் பாட்டு போட்டிருந்தாங்க, அதோட தாளம் அவர் கால் வைக்கிற கணக்குக்கு பொருந்தியிருந்துச்சு. அந்த வேகத்துல அவருக்கு களைப்பை மறக்கவா பாட்டு? இல்ல, தாளத்துக்கு.

மூளையில அசைவை திட்டம் போடுற பகுதிகள் இருக்குல்ல, அதெல்லாம் நாம சும்மா உக்காந்து தாளம் கேட்டாலே வேலை செய்ய ஆரம்பிச்சிடுது, அடுத்த அடி எப்போ விழும்னு முன்கூட்டியே கணக்கு போடுது, காலும் அதுக்கு ஒத்துப்போகுது. அடி சீரா விழுந்தா நடுநடுவுல வேகத்தை ஏத்தி இறக்கி சக்தியை வீணாக்க வேண்டியதில்ல. ஐலசா போட்டு படகை இழுக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல.

பாட்டு வேகத்தை ஏத்துறதை ரொம்ப முன்னாடியே நம்பரா எழுதி வச்சவரு அமெரிக்காவோட லியோனார்ட் அயர்ஸ், 1911ல. நியூயார்க்ல ஆறு நாள் சைக்கிள் ரேஸ் நடக்கும், பேண்ட் வாசிச்சப்போ வேகம் மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர், வாசிக்காதப்போ 29க்கும் கீழ. எல்லா கிரெடிட்டையும் பேண்டுக்கே கொடுக்க எனக்கு மனசில்ல, பேண்ட் வாசிக்கிற நேரத்துல கூட்டமும் கத்தியிருக்கும்ல.

சரி, எந்த டெம்போ? (சரக்கு ஏத்துற டெம்போ இல்ல, பாட்டுல நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி விழுதுங்கிற கணக்கு.) வலது கால் 30 செகண்ட்ல எத்தனை தடவை தரையில படுதுனு எண்ணி நாலால பெருக்குங்க, ரெண்டு காலும் சேர்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ஸ்டெப்னு கிடைக்கும், பெரும்பாலானவங்களுக்கு 150லேருந்து 180க்குள்ள வரும். 160 வந்துச்சுனா 160 அடி பாட்டைத் தேடி அலைய வேண்டாம், 80 அடி பாட்டே போதும், ஒரு தாளத்துக்கு ரெண்டு ஸ்டெப். தாளத்துல கால் வைக்காம சும்மா உற்சாகத்துக்கு கேக்குறவங்களுக்கு 120லேருந்து 140 சரியா இருக்கும், அதுக்கு மேல ஏத்தினா பெருசா பலன் இல்லனு இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ற லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்து காஸ்டஸ் கராகியோர்கிஸ் குழு சொல்லுது.

தாளம் காலை இழுக்கும்ங்கிறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ஆரம்பத்துலயே குத்துப்பாட்டு போட்டா தெரியாமலேயே வேகம் ஏறிடும், கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல அதுக்கு வட்டியோட கட்டணும். அமெரிக்க தடகள சங்கம் 2007ல ரேஸ்ல ஹெட்போனையே தடை பண்ணிச்சு, அதுக்கு முக்கிய காரணம் பாதுகாப்பு, அடுத்த வருஷமே பரிசுக்கு ஓடுறவங்களுக்கு மட்டும்னு தளர்த்திட்டாங்க. நம்ம ரோட்டுல பாதுகாப்பு பத்தி சொல்லவே வேணாம், பின்னாடி வர்ற தண்ணி லாரி ஹார்ன் கேக்கலைனா சாதனையெல்லாம் அப்புறம். நான் ஒத்தைக் காதுலதான் மாட்டுறேன், அதுவும் முதல் ரெண்டு கிலோமீட்டர் பாட்டில்லாம ஓடிட்டு, மனசு முனக ஆரம்பிச்ச பிறகுதான் ஆன் பண்றேன். சார்ஜும் மிஞ்சுது.